20 லட்சம் டாலரில் பழைய லைட் ஜெட்: எதை எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்

கேள்வி சுருக்கமாக இது. டாலஸ் பக்கத்து அடிசன் விமான நிலையத்தில் நிறுத்தி வைத்து, ஆண்டுக்குச் சுமார் 120 மணி பறக்க ஒரு ஜெட் வேண்டும். பெரும்பாலும் பைலட்டோடு சேர்த்து நான்கு பேர். டென்வர், அட்லாண்டா, சிகாகோ அடிக்கடி, நியூயார்க் எப்போதாவது. ஓட்டப்போவது உரிமையாளரேதான், துணை பைலட் கிடையாது. கையில் 20 லட்சம் டாலர். "6 லட்சத்துக்கே சைட்டேஷன் 2 விற்பனைக்கு இருக்கிறதே, அதை வாங்கிவிட்டு மிச்சத்தை எரிபொருளுக்கு வைத்துக்கொள்ளலாமா?"

என் பதில்: வேண்டாம். முதல் காரணம் எஞ்சின்.

செஸ்னாவின் பழைய ஜெட்டான சைட்டேஷன் 2-இல் இருப்பவை பிராட் அண்ட் விட்னி கனடாவின் ஜேடி15டி-4 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 2,500 பவுண்டு உந்துவிசை. 3,500 மணிக்கு ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துப் புதுப்பித்தல்), நடுவில் 1,750 மணிக்கு எரியும் பகுதியைத் திறந்து பார்க்கும் ஹாட் செக்‌ஷன் சோதனை. இரண்டு எஞ்சினுக்கும் ஓவர்ஹால் நேரம் வந்துவிட்டால், அந்த பில் ஒன்றே விமானத்தின் விலையைத் தாண்டிப்போகும். சட்டகம் நன்றாக இருக்கிற எத்தனையோ பழைய சைட்டேஷன்கள் உதிரிபாகத்துக்காகப் பிரிக்கப்படுவது இதனால்தான். ஆகவே 6 லட்சம் என்ற விலையை மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது. எஞ்சினில் எத்தனை மணி மிச்சம், அதற்கான பணம் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஸ்னாவின் சிறிய ஜெட்டான சைட்டேஷன் மஸ்டாங் இரண்டு விற்பனைக்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது 14 லட்சம்; எஞ்சின்கள் 2,900 மணி ஓடியவை, எந்த மணிக்கட்டணத் திட்டத்திலும் இல்லை. இரண்டாவது 19 லட்சம். 2,300 மணி ஓடியவை, தொடக்கத்திலிருந்தே திட்டத்தில் இருப்பவை. மணிக்கட்டணத் திட்டம் என்றால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் எஞ்சின் நிறுவனத்துக்கோ ஜேஎஸ்எஸ்ஐ போன்ற நிறுவனத்துக்கோ கட்டிக்கொண்டே வருவது. ஓவர்ஹால் வரும்போது அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். கணக்குக்காக இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து மணிக்கு 350 டாலர் என்று வையுங்கள். முதல் விமானத்தில் கட்டாமல் விட்ட பாக்கி 2,900 பெருக்கல் 350, அதாவது 10,15,000 டாலர். விலையோடு கூட்டினால் 24,15,000. 14 லட்சம் என்று விளம்பரத்தில் இருப்பது 19 லட்சத்து விமானத்தைவிட 5,15,000 டாலர் அதிகம். மஸ்டாங்குக்கும் ஓவர்ஹால் 3,500 மணிக்குத்தான்; ஆண்டுக்கு 120 மணி பறந்தால் மிச்சமுள்ள 600 மணி ஐந்து ஆண்டில் தீரும். அதற்கு முன்பே விற்கப் பார்த்தாலும், வாங்க வருபவர் இதே கணக்கை உங்களிடம் போடுவார்.

திட்டத்தில் இருக்கிறது என்று புரோக்கர் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. திட்டம் நடத்தும் நிறுவனத்திடமிருந்தே எழுத்தில் கேளுங்கள்: பாக்கி இல்லாமல் கட்டப்பட்டிருக்கிறதா, புது உரிமையாளர் பெயருக்கு மாறுமா, மாற்றக் கட்டணம் எவ்வளவு, எந்தப் படிநிலைத் திட்டம். வெளிப்பொருள் உள்ளே போய் ஏற்பட்ட சேதம், அரிப்பு, எஞ்சினுக்குள் சுழலும் ஆயுள் வரம்புள்ள டிஸ்க்குகள் ஆகியவை சில திட்டங்களில் அடங்காது. டிஸ்க்குகளின் ஆயுள் மணியில் அல்ல, சைக்கிளில் எண்ணப்படும்; ஒரு தடவை கிளம்பி இறங்கினால் ஒரு சைக்கிள். அரைமணிப் பறப்புகளாகவே ஓடிய விமானத்தில் மணி குறைவாகத் தெரியும், சைக்கிள் ஏறிக் கிடக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஆண்டுக்கு இத்தனை மணிக்காவது கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச நிபந்தனையும் பல திட்டங்களில் உண்டு. 120 மணி பறப்பவருக்கு அது முக்கியம்.

இப்போது எந்த மாடல் என்பதற்கு வருகிறேன். உங்கள் தேவைக்கு என் முதல் தேர்வு மஸ்டாங், இரண்டாவது பழைய சைட்டேஷன்ஜெட், அதாவது செஸ்னா 525.

மஸ்டாங் 2006-இல் சான்று பெற்றது, 2017-இல் உற்பத்தி நின்றது, 479 விமானங்கள் வெளிவந்தன. எஞ்சின் பிடபிள்யூ615எஃப், 1,460 பவுண்டு உந்துவிசை. கார்மின் ஜி1000 எனும் டிஜிட்டல் திரைத் தொகுதி தொழிற்சாலையிலிருந்தே உண்டு. ஒற்றைப் பைலட் சான்று பிறவியிலேயே வந்தது. வேகம் 340 நாட் (மணிக்கு 340 கடல் மைல்), உச்ச உயரம் 41,000 அடி, எரிபொருள் சராசரியாக மணிக்கு 100 காலனை ஒட்டி. டென்வருக்கு 560 கடல் மைல். மஸ்டாங்கில் சுமார் 1 மணி 50 நிமிடம், சைட்டேஷன்ஜெட்டில் அதைவிட ஒரு பத்து நிமிடம் குறைவு. அந்தப் பத்து நிமிடத்துக்காக மணிக்கு 35, 40 காலன் கூடுதலாக எரிக்க வேண்டுமா என்பதுதான் இரண்டுக்கும் நடுவில் உள்ள கேள்வி.

எடைக் கணக்கை மட்டும் விளம்பரத் தாளை நம்பிப் போடாதீர்கள், அந்தந்த விமானத்தின் எடைச் சான்றை வாங்கிப் போடுங்கள். பைலட்டோடு சேர்த்து 5,750 பவுண்டு இருக்கும் ஒரு மஸ்டாங்கை எடுத்துக்கொள்வோம். ரேம்ப் எடை, அதாவது நகரத் தொடங்கும் முன் தரையில் இருக்கலாகும் உச்ச எடை, 8,730. மிச்சம் 2,980. மூன்று பயணிகளும் பைகளும் 650 பவுண்டு போனால் எரிபொருளுக்கு 2,330 பவுண்டு, காலனுக்கு 6.7 பவுண்டு வீதம் சுமார் 348 காலன். டாங்க் இன்னும் நிரம்பவில்லை, எடை நிரம்பிவிட்டது. கையிருப்பாக 90 காலன் ஒதுக்கினால் எரிக்கக் கிடைப்பது 258. ஏறும்போது எரிவதால் முதல் மணியில் 120 காலன் போகும், அதன்பின் மணிக்கு 88 என்று வைத்தால் மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காற்று இல்லாத நாளில் ஏறத்தாழ 830 கடல் மைல். டென்வர், அட்லாண்டா (635), சிகாகோ (700) மூன்றும் உள்ளே வருகின்றன. ஜனவரியில் மேற்கு நோக்கித் திரும்பும்போது 80 நாட் எதிர்க்காற்று அடித்தால் 200 மைல் கழிந்துபோகும். அட்லாண்டாவிலிருந்து வரும் பயணம் அன்றைக்கு எல்லையில் நிற்கும். ஷ்ரீவ்போர்ட்டில் இறங்கி எரிபொருள் போடத் தயாராக இருக்க வேண்டும். நியூயார்க் 1,200 மைல், இரண்டு விமானத்திலும் நான்கு பேரோடு ஒரு நிறுத்தம் என்றே திட்டமிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவை போகும் நியூயார்க்குக்காகப் பெரிய விமானம் வாங்குவதுதான் இந்தச் சந்தையில் அதிகம் பணம் கரையும் வழி.

டென்வரில் இன்னொன்று கவனிக்க வேண்டும். சென்டென்னியல் நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. ஜூலை மதியம் 32 டிகிரி வெயிலில் அடர்த்தி உயரம், அதாவது வெயிலில் மெலிந்த காற்றுக்கு இணையான உயரம், 9,000 அடியைத் தாண்டும். அங்கே ஓடுபாதை 10,000 அடி நீளம், அது பிரச்சினையே இல்லை. ஒரு எஞ்சின் நின்றுபோனாலும் குறிப்பிட்ட சரிவில் ஏற வேண்டும் என்ற விதிதான் எடையைக் குறைக்கச் சொல்லும். பறப்புக் கையேட்டின் அட்டவணையை அந்த வெப்பநிலைக்குத் திறந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். காலையில் கிளம்புகிறவருக்கு எந்த மாடலும் போதும்.

சைட்டேஷன்ஜெட் 1993 முதல் வாங்குவோர் கைக்கு வந்தது. வில்லியம்ஸ் எஃப்ஜே44-1ஏ எஞ்சின், 1,900 பவுண்டு. கேபின் பெரியது, ஏறும் வேகம் நன்று, பின்னிணைப்பு லேண்டிங் கியர் என்பதால் தரையிறங்குவது மென்மை. உந்துவிசையை எதிர்த்திசையில் திருப்பும் ரிவர்சர் கிடையாது, உந்துவிசையைத் தணிக்கும் தகடுகள் மட்டும். இதில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, முதல் தலைமுறை ஹனிவெல் எஸ்பிஇசட்-5000 திரைகள் பழைய படக்குழாய் (சிஆர்டி) வகை. பழுதானால் மாற்றுக் கிடைப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது. கார்மின் திரைக்கு ஏற்கெனவே மாற்றிய விமானமாகத் தேடுங்கள், ஏனென்றால் அந்த வேலைக்கு முந்தைய உரிமையாளர் செலவழித்த பணம் முழுதாக விற்பனை விலையில் திரும்பி வராது, லாபம் உங்களுக்கு. இரண்டு, எஃப்ஜே44 வேலை பெரும்பாலும் வில்லியம்ஸ் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே நடப்பது. ஜேடி15டி-க்கு இருப்பதுபோல் தனியார் பட்டறைகளும் பழைய எஞ்சின் சந்தையும் இதற்குப் பரவலாக இல்லை. எனவே திட்டத்தில் இல்லாத எஃப்ஜே44 விமானத்தை, விலை எவ்வளவு இறங்கினாலும், தொட வேண்டாம்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஃபீனம் 100 மஸ்டாங்கைவிட இடம் அதிகம், தனிக் கழிப்பறை உண்டு. தொடக்ககால விமானங்களின் பிரேக் குறித்து நிறைய புகார்கள் எழுந்தன, மேம்படுத்தல் செய்யப்பட்டதா என்று ஆவணத்தில் பார்க்க வேண்டும், விலையும் உங்கள் வரம்பை உரசும். எக்ளிப்ஸ் 500 எரிபொருளில் கெட்டிக்காரன், ஆனால் தயாரித்த நிறுவனம் 2008-இல் திவாலானது, அதன் வழிவந்த ஒன் ஏவியேஷனும் 2018-இல் திவாலானது. உதிரிபாகத்துக்கும் மென்பொருளுக்கும் ஒரே வாசலில் நிற்க வேண்டிய விமானத்தைக் குறைந்த பட்ஜெட்டில் வாங்கக் கூடாது. பிரீமியர் 1 வேகமானது, கார்பன் உடல். ஓடுபாதை அதிகம் கேட்கும். லியர்ஜெட் 35, பீச்ஜெட் 400ஏ இரண்டும் இரு பைலட் விமானங்கள், உங்கள் கேள்விக்கே வெளியே. சைட்டேஷன் 2-கூட 550 மாடலாக இருந்தால் சான்றுப்படி இரண்டு பைலட். தனியாக ஓட்டச் சிறப்புப் பயிற்சியும் விலக்கும் வாங்க வேண்டும். 551 என்ற ஒற்றைப் பைலட் வகை 12,500 பவுண்டு எடைக்குள் கட்டுப்பட்டது.

சைட்டேஷன் 2-ஐ நியாயமாக வாங்கும் ஒரு வழியும் இருக்கிறது. எஞ்சினில் இன்னும் 1,200 மணி மிச்சம், ஹாட் செக்‌ஷன் முடிந்துவிட்டது, ஃபேஸ் 5 எனும் பெரிய காலமுறைச் சோதனை இப்போதுதான் முடிந்தது, விலை உதிரிபாக மதிப்பை ஒட்டியே இருக்கிறது என்றால், பத்து ஆண்டு ஓட்டிவிட்டுப் பிரித்து விற்றுவிடலாம். அப்போதும் காலனுக்கு 6 டாலர், மணிக்கு 175 காலன், ஆண்டுக்கு 120 மணி என்றால் எரிபொருளுக்கே 1,26,000 டாலர், மஸ்டாங்குக்கு 72,000. வேகம் ஏறத்தாழ ஒன்றுதான் என்பதால் இந்த வித்தியாசம் அப்படியே நிற்கும்.

தேடும்போது முதலில் இரண்டு விஷயங்களால் சலித்துவிடுங்கள். விமானம் தன் இருப்பிடத்தைத் தானே அறிவிக்கும் கருவியான ஏடிஎஸ்-பி அவுட் 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்க வான்வெளியில் பெரும்பாலான இடங்களில் கட்டாயம்; அது இல்லாத விமானம் பல ஆண்டுகளாகச் சரியாகப் பறக்கவில்லை என்று அர்த்தம். அடுத்தது ஆர்விஎஸ்எம், அதாவது விமானங்களுக்கு இடையே உயர இடைவெளியைக் குறைத்துப் பறக்கும் அனுமதி. 29,000 முதல் 41,000 அடி வரை பறக்க உயரமானியும் ஆட்டோபைலட்டும் அதற்கான தரத்தில் இருக்க வேண்டும். பழைய சைட்டேஷன் 500, 501 சிலவற்றில் இது செய்யப்படவே இல்லை. அப்படிப்பட்டதில் 28,000 அடியிலேயே கிடக்க வேண்டும். ஜெட் எஞ்சின் அந்த உயரத்தில் எரிபொருளை அள்ளிக் குடிக்கும், மேகமும் இடியும் அதே உயரத்தில்தான். மலிவாகக் கிடைப்பதன் காரணம் பல நேரம் இதுவே.

பிறகு லாக்புக். விமானத்தை நேரில் பார்க்கும் முன்பே ஸ்கேன் செய்த முழு லாக்குகளையும் கேளுங்கள். தரமறுத்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். முதல் பக்கத்திலிருந்து தொடர்ச்சி இருக்கிறதா, இடையில் எத்தனை மாதம் பறக்காமல் நின்றது, பெரிய மாற்றங்களுக்குப் படிவம் 337 இருக்கிறதா, பொருத்திய உதிரிபாகங்களுக்கு 8130-3 எனும் தகுதிச் சீட்டு இருக்கிறதா, ஆயுள் வரம்புள்ள பாகங்களுக்குப் பிறந்த நாளிலிருந்து தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டிஸ்க்கின் தடம் பாதியில் அறுந்திருந்தால் அதைப் புதிதாக மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய சைட்டேஷன்களில் ஃபேஸ் 1 முதல் 4 வரை 300 மணி அல்லது 24 மாதம், ஃபேஸ் 5 என்பது 1,200 மணி அல்லது 36 மாதம். ஃபேஸ் 5-க்கு மூன்று மாதம் இருக்கும்போது விற்பனைக்கு வரும் விமானங்கள் நிறைய; அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டத்தான் அந்த நேரம்.

சின்னச் சின்னக் காலாவதிகளும் சேர்ந்தால் பெரிய தொகை. ஆக்சிஜன் சிலிண்டர் 3எச்டி வகை என்றால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை, 24 ஆண்டோடு அதன் ஆயுள் முடிந்தது. 3ஏஏ வகைக்கு ஐந்து ஆண்டு. தீயணைப்புப் புட்டிகளின் வெடித்தூண்டிகளுக்குத் தேதி உண்டு. பனி நீக்கும் ரப்பர் பூட்டுகளில் ஒட்டு எத்தனை, வெடிப்பு எத்தனை என்று கையால் தடவிப் பாருங்கள். 525-இல் இறக்கையின் முன்விளிம்பு எஞ்சின் வெப்பக்காற்றால் சூடாகும், பூட்டு வால்சிறகில் மட்டும். அதனால் மாற்றும் செலவு குறைவு. முன்கண்ணாடியைச் சாய்ந்த வெயிலில் பார்த்தால்தான் மெல்லிய கீறல் வலை தெரியும்.

குறைவாகப் பறந்த விமானம் என்றால் நல்லது என்று கார் வாங்குபவர்போல் நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 30 மணி மட்டும் பறந்து, கடலோரத்தில், ஹேங்கர் இல்லாமல் வெளியே நின்ற ஜெட்டில் சீல்கள் காய்ந்திருக்கும், எரிபொருள் டாங்கில் நீர் தங்கிப் பூஞ்சை படர்ந்திருக்கும், டர்பைன் இலைகளில் கந்தக அரிப்பு ஆரம்பித்திருக்கும். ஆண்டுக்கு 150, 200 மணி ஒழுங்காக ஓடி, ஹேங்கரில் நின்ற விமானமே மேல்.

வாங்கும் முன் செய்யும் பிரீ-பை சோதனையை அந்த விமானத்தை இதுவரை பராமரித்த பட்டறையில் செய்யாதீர்கள். அந்த மாடலில் தினமும் கை வைக்கும் வேறு சர்வீஸ் சென்டராகப் பார்த்து, அங்கே முதலில் ஒரு சோதனைப் பறப்பு, அதன்பின் திறப்பு. ஸ்டார்ட் செய்யும்போது இரண்டு எஞ்சினின் உச்ச வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். 41,000 அடி வரை ஏறச் சொல்லுங்கள். அங்கே கேபின் உயரம் 8,000 அடியை ஒட்டி நிற்க வேண்டும். ஒரே என்1 (முன்விசிறி) சுழற்சியில் இரண்டு எஞ்சினின் ஐடிடி (டர்பைன் நடுப்பகுதி) வெப்பநிலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தால் சூடாக ஓடும் எஞ்சினின் உள்ளே ஏதோ தேய்ந்திருக்கிறது. பனித்தடுப்பைப் போட்டு, ஒரு எஞ்சினிலிருந்து கேபினுக்கு வரும் காற்றை அடைத்து, கேபின் அழுத்தம் தாங்குகிறதா என்று பாருங்கள். ஆட்டோபைலட் மேலும் கீழுமாக அலைகிறதா என்பதை அந்த உயரத்தில்தான் கண்டுபிடிக்க முடியும். இறங்கியதும் இரண்டு எஞ்சினிலும் போரஸ்கோப் எனும் குழாய்க் கேமரா சோதனை: எரியறையின் விரிசல், நாசில் இலைகளின் எரிந்த விளிம்பு, டர்பைன் இலை முனைகள். படங்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன்பே கையெழுத்தாகும் ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். முன்பணம் எஸ்க்ரோ கணக்கில், அதாவது நடுநிலையான மூன்றாம் தரப்பிடம், இருக்கும், நீங்கள் எழுத்தில் ஏற்கும்வரை முழுதாகத் திரும்பும். சோதனைச் செலவும் அங்கே கொண்டுபோகும் எரிபொருளும் உங்களுடையது. பறப்புத் தகுதியைப் பாதிக்கும் குறை எதுவானாலும் சரிசெய்யும் செலவு விற்பவருடையது. எது பறப்புத் தகுதிக் குறை என்று தீர்மானிப்பது சோதனை செய்யும் பட்டறை. இந்தக் கடைசி வரி இல்லாமல் போனால் பாதி விற்பனைகள் சண்டையில் முடியும்.

இன்சூரன்ஸ் விலையை ஒப்பந்தத்துக்கு முன்பே கேளுங்கள். ஜெட்டில் அனுபவம் இல்லாத ஒற்றைப் பைலட்டுக்கு டைப் ரேட்டிங் (அந்த மாடலுக்கான தனி உரிமம்), ஆண்டுதோறும் சிமுலேட்டர் பயிற்சி, தொடக்கத்தில் அனுபவமுள்ள வழிகாட்டிப் பைலட்டோடு குறிப்பிட்ட மணிகள் என்று நிபந்தனை வரும். வழிகாட்டியின் சம்பளத்தை முதல் ஆண்டுக் கணக்கில் சேருங்கள். அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிப்படியும் ஜெட் பைலட்டுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை தகுதிச் சோதனை உண்டு.

எஃப்ஏஏ விமானப் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. உரிமைத் தேடலும் எஸ்க்ரோவும் அங்குள்ள நிறுவனங்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. பழைய கடன், பட்டறை பாக்கிக்காக விமானத்தின் மீதுள்ள உரிமைக்கோரல் எதுவும் இல்லை என்று அறிக்கை வந்தபிறகே பணம் நகர வேண்டும். கேப் டவுன் உடன்படிக்கையின் பன்னாட்டுப் பதிவேட்டிலும் தேடச் சொல்லுங்கள். டெக்சாஸ் மாநில விற்பனை வரி 6.25 சதவீதம், 20 லட்சத்துக்கு அது 1,25,000 டாலர். எந்த மாநில மண்ணில் விமானம் கைமாறுகிறது, எந்த நிறுவனத்தின் பெயரில் வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்து விலக்கு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். விமான வரி பார்க்கும் வழக்கறிஞரிடம் கைமாறும் நாளுக்கு முன்பே பேசுங்கள், கைமாறிய பிறகு அவரால் செய்யக்கூடியது அதிகம் இல்லை. இந்த வரி, பயிற்சி, வழிகாட்டி, முதல் ஆண்டில் எப்படியும் வந்து நிற்கும் பழுதுகள் எல்லாவற்றுக்கும் இடம்விட்டால், 20 லட்சம் வைத்திருப்பவர் விமானத்துக்கென்று தேட வேண்டிய விலை 16, 17 லட்சம்தான்.